மேல்காதும் ஒரு கையெழுத்தும்

காதுகுத்து என்றால் குலதெய்வக் கோயில், தாய்மாமன் மடி, ஆசாரி, கடைசியில் கறிச்சோறு. மேல்காதில் குத்திக்கொள்ள ஸ்டுடியோவுக்குப் போனால் முதலில் ஒப்புதல் படிவம். பிறகு ஆட்டோகிளேவில் வெந்த கருவி, அப்போதுதான் உறை பிரித்த ஊசி, டைட்டானியக் கம்பி. மடி கிடையாது, சாய்வு நாற்காலிதான். மாமன் விரும்பினால் ஜிபேயில் சீர் அனுப்பலாம்.

மேல்காதின் குருத்தெலும்பில் ரத்தக்குழாய் இல்லை. அதனால் ஆற 6 முதல் 12 மாதம். அதுவரை குத்திய பக்கம் தலைவைத்துப் படுக்காதே, தொட்டுத் திருகாதே, உப்புநீர் விடு. பிள்ளை பெற்றவளுக்குக்கூட இத்தனை பத்தியம் இல்லை.

“அங்கெல்லாமா ஓட்டை போடுவாங்க?” என்று அதட்டும் பாட்டியின் காதைப் பாருங்கள்: கொப்பும் முருகும் தொங்கிய துளைகள், அதே மேல்மடலில். அவரிடம் யாரும் கையெழுத்து கேட்கவில்லை; சம்மதமும்தான்.