ரவுண்டா வந்த கணக்கு

இன்னாடா பேராண்டி, நைட் ஷிப்டு முடிச்சிட்டு வேப்பம்பட்டு ஸ்டேஷன்ல எறங்கி வர்ற மூஞ்சா இது? உங்க சர்வர்ல பூந்த திருடன் ஆப்புடலியா? நீ திண்ணையில ஒக்காந்துகினு போன்ல கத்துனதெல்லாம் கேட்டுக்கினுதான் இருந்தேன். ஒடம்புல எனக்கு இன்னும் ரிடையர் ஆவாதது காது ஒண்ணுதான்.

லாக்கத் தேடுற ஸ்பிளங்க்ல, தேடலுக்குள்ள ஒரு தேடல், சப்சர்ச்சுன்னு பீத்திக்கிறியே, 1980-ல எம்.ஜி.ஆர். கர்ணம் வேலையத் தூக்குறதுக்கு முந்தியே எங்க கணக்குப்பிள்ளை அதச் செஞ்சாரு. சிட்டாவுல ஆளப் பாத்து சர்வே நம்பர எடுப்பாரு. அந்த நம்பர வச்சி அடங்கலப் பொரட்டுனா, என்ன பயிருன்னு தெரிஞ்சிடும். அவருக்குக் கெடச்சது வெத்தலபாக்கு. ஸ்பிளங்க வாங்க சிஸ்கோ 2024-ல குடுத்தது 2,800 கோடி டாலராமே!

உன் சப்சர்ச்சும் அதே கதைதான். சதுர அடைப்புக்குள்ள நீ எழுதற உள்தேடல் மொதல்ல ஓடும். தப்பு பாஸ்வேர்டு போட்டவன் ஐபி எல்லாத்தையும் பொறுக்கி, நடுவுல 'அல்லது' போட்டுக் கோத்து, வெளித்தேடல் கையில குடுக்கும். அதுல எவன் கடைசியா உள்ள பூந்தான்னு வெளித்தேடல் சொல்லும். உள்ள ஒரு பேரு, வெளிய ஒரு பேருன்னு பீல்டு இருந்தா மாத்திக் குடுக்கணும். அவ்ளோதான் வித்தை.

நீ பெரிய கெட்டிக்காரனாச்சே! உள்தேடலுக்கு ஒரு வருச லாக்க அப்படியே கொட்டு. யாரும் மாத்தி வைக்கலன்னா, 10,000 பதில் இல்ல 60 செகண்டு, எது முந்துதோ அதோட அது நின்னுக்கும். மிச்சத்துல திருடன் ஒளிஞ்சிருந்தா இன்னா? 'யாரும் வரல சார்'னு மேனேஜருக்கு மெயில் போடு. இன்கிரிமென்ட் நிச்சயம்.

அது வேணாம்னா லினக்ஸ்ல வரி தேடுற கிரெப்புக்கு, தேட வேண்டிய ஐபி பட்டியல பைலா குடு. அதுல வெத்து வரி ஒண்ணு மட்டும் மறக்காம விட்டு வை. லாக்குல இருக்கிற அத்தன வரியும் பொருந்திடும். ஒரே ராத்திரியில ஊரே திருடன்! திருடன் ஆப்புடலன்னு எவன் சொல்லுவான்?

பொழைக்கணும்னு ஆசை இருந்தா ஒண்ணு கேளு. உள்தேடல மொதல்ல தனியா ஓட்டு. நேரத்தக் கொறச்சி, ஒரே ஐபி பத்து வாட்டி வராம கழிச்சி, எத்தன வருதுன்னு எண்ணு. 137-ன்னு கோணல்மாணலா வந்தா நம்பி வெளியே அனுப்பு. அட்சரம் பெசகாம 10,000-னு நின்னா குதிக்காத. ரவுண்டா வந்த கணக்க எங்க கணக்குப்பிள்ளை எழுதுனாலே நாங்க நம்புனதில்ல.