ஒரே வாயி சாமி

சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்கள் குடியிருப்பின் ‘பி’ பிளாக்கிலிருந்து ஒரு வெள்ளிக் கிண்ணம் புறப்படும். கிண்ணத்துக்குப் பின்னால் அம்மிச்சி. கிண்ணத்துக்குப் பத்தடி முன்னால் இரண்டரை வயதுப் பேரன், ஓட்டமாக. கோயம்புத்தூரில் காற்று வாங்க எத்தனையோ இடம் இருக்கிறது. நான் பால்கனியில் நாற்காலி போட்டு இதைத்தான் பார்ப்பேன். சாமி முன்னால் ஓட, பூசாரி தட்டோடு பின்னால் துரத்தும் உற்சவம் வேறெந்தக் கோயிலிலும் கிடையாது.

“ஒரே வாயி சாமி… இந்த ஒரே வாயி.”

ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். அந்த ‘ஒரே வாயி’ 31 தடவை வந்தது. பையனுக்குள் போனது ஏழு. மிச்சத்தில் கொஞ்சம் சட்டையில், கொஞ்சம் குரோட்டன்ஸ் தொட்டியில், பெரும்பங்கு அம்மிச்சியின் வாயில். எங்கள் குடியிருப்பில் குரோட்டன்ஸ் நெய்ச்சோறு சாப்பிட்டு வளர்கிறது.

அம்மிச்சியின் சொந்தப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. பேரன் அம்மிச்சி என்கிறான், ஆகவே வாட்ச்மேன் முதல் செயலாளர் வரை எல்லோருக்கும் அம்மிச்சி. இப்படிக் கிண்ணம் ஏந்தியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. கூட்டத்தில் இவர்களைச் சுலபமாக அடையாளம் காணலாம். பிள்ளை வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் இவர்கள் வாய் தானாகத் திறக்கும். பிள்ளை மெல்ல வேண்டிய நேரத்தில் இவர்கள் தாடை அசையும். பிள்ளை விழுங்கினானா என்று பார்த்துக்கொண்டே இவர்கள் எச்சிலை விழுங்குவார்கள். மொத்தச் சாப்பாட்டையும் நடித்துக் காட்டிவிட்டு, “ஒண்ணுமே உங்க மாட்டீங்கறானுங்க” என்பார்கள். பையன் ஏன் மெனக்கெட வேண்டும்? வேலை ஏற்கெனவே நடந்துவிட்டதே!

கிண்ணத்துக்குள் இருப்பது பருப்பு, சோறு, நெய், பெயர் தெரியாத ஒரு காய். எல்லாம் மிக்சியில் மூன்று சுற்று சுற்றி, சுவர்ப் பட்டி பார்க்கும் பதத்தில். இரண்டரை வயதில் இருபது பல்லில் முக்கால்வாசிக்கு மேல் முளைத்துவிடும். அவற்றுக்கு இந்த வீட்டில் இதுவரை எந்த வேலையும் கொடுக்கப்படவில்லை.

முன்பெல்லாம் உதவிக்கு நிலா இருந்தது. எங்கள் நிலாவை ‘சி’ பிளாக் மறைத்துவிட்டது. எனவே செல்போன். கரடியும் முயலும் ஆடும்வரை வாய் திறந்து திறந்து மூடும். எது உள்ளே போகிறது என்று வாய்க்குரியவனுக்கே தெரியாது. வயிறு ‘போதும்’ என்று சொன்னால்கூட அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. சார்ஜ் தீர்ந்த நிமிடம் வாய் இறுக மூடிக்கொள்ளும். சாவி தொலைந்த பீரோ மாதிரி. அப்போது ஒரு விரலால் கன்னத்தை அமுக்கித் திறக்கும் ஒரு வித்தை அம்மிச்சியிடம் உண்டு. அதைப் பார்க்கும்போது மட்டும் நான் பால்கனியை விட்டு உள்ளே போய்விடுவேன்.

செல்போனும் கைவிட்டால் கடைசி ஆயுதம் நான்.

“அதா பாரு, அந்த மீசைக்கார மாமா வராரு. வாங்கிக்கலைன்னா சாக்குல போட்டுக் கட்டிட்டுப் போயிருவாரு.”

எனக்கு மீசை இருப்பது உண்மை. சாக்கு கிடையாது. சம்பளமில்லாத பூச்சாண்டியாக ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தேன். அதன் விளைவு லிஃப்ட்டில் தெரியும். கதவு திறந்து என்னைப் பார்த்ததும் பையன், கையில் கிண்ணமோ சோறோ எதுவும் இல்லாதபோதும், அண்ணாந்து ‘ஆ’ என்று வாயைத் திறந்துவிடுவான். நாலு மாடி இறங்கும்வரை மூட மாட்டான். வேற்று மனிதர்கள் என்னைப் பல் டாக்டர் என்று நினைத்திருக்கிறார்கள்.

வைத்தியங்களுக்கும் குறைவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்கள். கண்ணேறு கழிந்ததோ என்னவோ, நெடியில் நாங்கள் எல்லோரும் இருமினோம். பிறகு தொக்கம் எடுக்கிற ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் வயிற்றை நீவி, தொண்டையை ஊதி, ஒரு துண்டுத் தேங்காய் நாரையும் இரண்டு முடியையும் எடுத்துக் காட்டினாராம். அம்மிச்சி அந்த நாரைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டார். “சோறே உங்காத பையன், நாரை எப்புடீங்க தம்பி உண்டான்?” என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கேயே கேட்டிருக்கலாம்.

கடைசியில் மகள் கண்டித்துச் சொன்னபிறகு குழந்தை மருத்துவரிடம் கிளம்பினார்கள். கார் என்னுடையது. முன்சீட்டில் அம்மிச்சியின் கணவர், அப்புச்சி. 74 வயது, வெள்ளை வேட்டி, பேச்சு குறைவு. பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் பார்த்தவர். பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு மகளோடு இங்கே வந்திருக்கிறார். அவரைப் பற்றி ஒரு தகவலை இங்கேயே சொல்லிவைக்கிறேன்: அவர் கத்தரிக்காய் தொட மாட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவருக்கென்று கத்தரிக்காய் இல்லாத குழம்பு தனியாக இறங்கும். பூசணி ஆகாது. கீரையில் தண்டு இருந்தால் தட்டு நகர்ந்துவிடும். ஆனால் ‘சரியா உங்க மாட்டீங்கறாரு’ என்று யாரும் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனதில்லை. பெரியவர் தள்ளினால் நாக்கு அப்படி என்கிறோம், சின்னவன் தள்ளினால் அடம் என்கிறோம்.

டாக்டரம்மா எடை போட்டார். 12 கிலோ 400 கிராம். அட்டையில் ஒரு புள்ளி வைத்து, முந்தைய புள்ளிகளோடு கோடு இழுத்தார். கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டுதான் இருந்தது.

“மூணு கிலோவுல பொறந்த குழந்தை ஒரு வயசுல ஒன்பது கிலோ ஆயிடும். மூணு மடங்கு. அடுத்த வருஷம் முழுக்க ரெண்டு, ரெண்டரை கிலோதான் ஏறும். வளர்ற வேகம் குறையுது, பசியும் குறையுது. நீங்க கொடுக்கிற அளவு மட்டும் குறையலை” என்றார்.

“எளைச்சுப் போயிட்டானுங்களே.”

“பால் எவ்வளவு குடிக்கிறான்?”

“அதெல்லாம் நெம்ப இல்லீங்க. சோறு உங்காட்டி ஒரு டம்ளர் குடுப்பனுங்க.”

“ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்?”

அம்மிச்சி விரல் மடக்கினார். ஒரு கை போதவில்லை. லிட்டரைத் தாண்டியது. அரை லிட்டருக்குமேல் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. பாலிலேயே வயிறு நிறைந்துவிட்டால் சோறு எங்கே இறங்கும்? பாலில் இரும்புச்சத்தும் சொற்பம். பாலையே நம்பியிருக்கும் பிள்ளைக்கு ரத்தம் சுண்டும். ரத்தம் சுண்டினால் பசி மந்தம். பசிக்காதவன் சோறு தள்ளுவான். தள்ளினால் இன்னொரு டம்ளர் பால். செக்குமாடு மாதிரி அங்கேயே சுற்றிவருவது.

பிறகு அவர் சில கேள்விகளை நிதானமாகக் கேட்டார். விழுங்கும்போது அடிக்கடி புரையேறுகிறதா? சாப்பிட்டால் வலிக்கிற மாதிரி அழுகிறானா? சில பண்டம் கையில் பட்டாலே குமட்டுகிறதா? நன்றாகச் சாப்பிட்ட வகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை. “இருந்திருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்” என்றார். நிஜமாகவே சாப்பிட முடியாத பிள்ளைகள் உண்டு. குறைமாதத்தில் பிறந்து குழாய் வழியாகவே பால் இறங்கியவர்கள், ஆட்டிசத்தால் ஒரு பண்டத்தின் பிசுபிசுப்பையே தாங்க முடியாதவர்கள், மூன்று நான்கு பண்டங்களைத் தாண்டாமல் எடை இறங்குகிறவர்கள். அவர்களுக்கு மெல்லவும் விழுங்கவும் பழக்கித்தரும் பேச்சுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். இப்படி உணவை ஒதுக்கும் கோளாறுக்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 2013-ல் தனிப்பெயரே வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளிடம் போய் மீசைக்காரனைக் காட்டுவது பாவம். மற்றவர்களிடம் காட்டுவதும் வீண்தான் என்று சொல்லும்போது டாக்டரம்மா என் மீசையை ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை.

மருந்துச் சீட்டுக்குப் பதிலாக அவர் கொடுத்தது ஒரு பாகப்பிரிவினை. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் 1980-களில் வகுத்தது. என்ன சமைப்பது, எப்போது வைப்பது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது: இது பெரியவர்கள் பங்கு. வைத்ததில் எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா: இது பிள்ளையின் பங்கு. ஒருவர் பங்கில் மற்றவர் நுழையக் கூடாது.

அதுவரை பொட்டாட்ட இருந்த அப்புச்சி வாயைத் திறந்தார். “அளந்து கல்லு நட்டுட்டாங்க. இனி நீ அக்கட்ட ஏரோட்டப்படாது.”

திரும்பும் வழியில் நான் படித்ததை அவிழ்த்துவிட்டேன். அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற டாக்டர் 1920-களில் ஒரு சோதனை செய்தார். பால் மறந்த குழந்தைகள், மொத்தம் 15 பேர். முப்பதுக்கு மேற்பட்ட உணவு வகைகள். ஒவ்வொரு வேளையும் பல கிண்ணங்களை எதிரே வைத்துவிட்டு, நர்ஸ் கையில் கரண்டியோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை கையை நீட்டினால்தான் கொடுக்கலாம். ‘இதைச் சாப்பிடு’ என்று ஒரு சொல் கூடாது. ஒரு வேளை ஒன்றையே தின்று, மறுவேளை அதைத் தொடாமல், ஆளுக்கொரு தினுசாகச் சாப்பிட்ட அத்தனை பிள்ளைகளும் நன்றாக வளர்ந்தார்கள். எலும்பு மெலிந்து வந்த ஒரு குழந்தை, பக்கத்தில் வைத்த மீனெண்ணெயைத் தானாகவே குடித்து, எலும்பு தேறியதும் நிறுத்திக்கொண்டது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அங்கே வைத்த கிண்ணம் எதிலும் சர்க்கரை இல்லை, பொட்டலத் தீனி இல்லை.

அம்மிச்சி பின்சீட்டில் நெடுநேரம் யோசித்தார்.

“அந்த நர்சு புள்ளைக சும்மாவா உக்காந்திருந்தாளுக? சம்பளம் வாங்கிட்டு?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டரம்மா கேட்டது பையனின் சாப்பாட்டை மாற்ற அல்ல. அம்மிச்சியின் உத்தியோகத்தைப் பறிக்க.

முதல் வாரம் பயங்கரம். பையனைத் தரையில் உட்காரவைத்துத் தட்டில் இட்லி. அவன் அதைப் பிட்டான், பிசைந்தான், முழங்கை வரை பூசினான், காதில் கொஞ்சம் சேமித்தான். அறிவுடைநம்பி என்ற பாண்டிய மன்னன் பாடிய புறநானூற்றுப் பாட்டில் வரும் குழந்தை சோற்றை இதே மாதிரிதான் மேலெல்லாம் பூசிக்கொள்கிறது. வள்ளுவர் அமிழ்தைவிட இனிது என்று சான்றிதழ் கொடுத்ததும் பிள்ளை கையால் அளைந்த கூழுக்குத்தான். பாட்டி மிக்சியில் அரைத்ததுக்கு அல்ல. இதை எடுத்துச் சொன்னபோது அம்மிச்சி ஒரே வரியில் முடித்தார்: “அவுங்க வூட்டுத் தரையை ஆரு தொடச்சாங்களாமா?”

அந்த வாரம் முழுக்க அவர் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு, தூணோடு தூணாக நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் பழையபடி திறந்து திறந்து மூடியது.

கேரட் துண்டு ஒன்று தினமும் தட்டில் வந்து உட்கார்ந்து, தினமும் குப்பைக்குப் போனது. புது உணவு பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட்டால்தான் இந்த வயதில் நம்பிக்கை வரும் என்பது டாக்டரம்மா கணக்கு. முன்பு ஒரு தடவை துப்பியதற்காகவே கேரட்டுக்கு அந்த வீட்டில் ஆயுள் தடை விதிக்கப்பட்டிருந்தது.

வாய்ப்பூட்டை உடைத்தது கேரட் அல்ல, குச்சிக்கிழங்கு. வாட்ச்மேனின் மகளுக்கு மூன்று வயது. படியில் உட்கார்ந்து, அவித்த கிழங்கைத் தன் பாட்டுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள். யாரும் ஓடவில்லை, யாரும் கெஞ்சவில்லை, கரடி ஆடவில்லை. பையன் எதிரே போய் நின்றான். ஐந்து நிமிடம் அவள் வாயையே பார்த்தான். பிறகு கையை நீட்டினான். அவள் யோசித்து, தன் துண்டிலிருந்து பாதிக்கும் குறைவாகப் பிட்டுக் கொடுத்தாள். அவன் கடித்தான். மென்றான். சும்மா இருந்த பல்லெல்லாம் வேலைக்குப் போயின.

அம்மிச்சி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓடிவரவில்லை. “உப்புப் போட்டுதா அவிச்சாங்களான்னு கேளுங்க தம்பி” என்று மட்டும் என்னிடம் குரல் கொடுத்தார்.

இப்போது பையன் மூன்று வேளையும் தன் தட்டில் தானே சாப்பிடுகிறான். சில நாள் இரண்டு இட்லி, சில நாள் கால் இட்லி. லிஃப்ட்டில் என்னைக் கண்டால் வாயைத் திறப்பதில்லை, “சாக்கு எங்க?” என்று கேட்கிறான்.

போன வாரம் ஆறரை மணிக்கு வழக்கம்போல் பால்கனிக்கு வந்தேன். ‘பி’ பிளாக் வாசலில் வெள்ளிக் கிண்ணம் பளபளத்தது. பழையபடி ஆரம்பித்துவிட்டார்களா என்று கீழே இறங்கிப் போனேன். சிமென்ட் பெஞ்சில் அப்புச்சி உட்கார்ந்திருந்தார். எதிரே அம்மிச்சி. கிண்ணத்தில் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. அப்புச்சி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மிச்சி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

“அதா பாருங்க, அந்த மீசைக்கார தம்பி வராரு.”

அப்புச்சி என்னைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். மெல்ல வாயைத் திறந்தார்.