பதினெட்டாம் வாய்ப்பாடு

டொரன்டோ
பிப்ரவரி, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

போனில் சொன்னால் நீ பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுகிறாய். மீதியை அத்தான் தப்பாகக் கேட்டுத் தெருவெல்லாம் சொல்லிவிடுகிறார். அதனால் இந்தத் தடவை கடிதம். எப்படியும் அத்தான்தான் இதை உரக்க வாசிப்பார். அவர் வாயிலிருந்து 'நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்' என்று வந்தால் உனக்கு மறுபடியும் பதறும். ஆகவே இதில் 'நான்' கிடையாது. வாரப் பத்திரிகைக்காரன் எழுதுகிற மாதிரி எல்லாம் 'உன் தம்பி'தான்.

முதலில் உன் கேள்விக்குப் பதில். சுகர் 14 என்றால் ஆள் சாக மாட்டான்.

எமர்ஜென்சியில் உட்கார்ந்துகொண்டு உன் தம்பி போட்ட மெசேஜ் அது: 'சுகர் 14தான், பயப்படாதே.' கோவில்பட்டியில் அப்போது நடுச்சாமம். உடனே போன் வந்தது. 'ஏலே, 14ன்னா உசுரு நிக்குமாலே?' என்று நீ கேட்டது ஸ்பீக்கர் வழியாக அங்கே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. புரிந்தது இரண்டு பேருக்குத்தான். அவர்களும் உன் தம்பியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். நம்மூரில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் சர்க்கரை என்று அளக்கிறோம். கனடாவில் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. அதனால் இந்த ஊர் எண்ணைப் 18-ஆல் பெருக்கினால் நம்மூர் எண் வந்துவிடும். பதினாலு பதினெட்டு இருநூற்று ஐம்பத்திரண்டு. அத்தானுக்குப் பொங்கலன்று இருந்ததைவிடக் குறைவு.

பதினாறாம் வாய்ப்பாட்டோடு உன் தம்பி நின்றதற்குக் கணக்கு சார் என்ன செய்தார் என்பது உனக்குத் தெரியும். அவர் பிரம்பால் ஆகாததை ஐம்பது வருஷம் கழித்து இந்த ஊர் மீட்டர் செய்துவிட்டது. காலையில் விரலைக் குத்தி 'எட்டு' என்பார்கள். உன் தம்பி கண்ணை மூடிக்கொண்டு 144 என்பான். 'ஒன்பது புள்ளி ஐந்து' என்றால் 171. நர்ஸம்மா இதை ஏதோ ஜெபம் என்று நினைத்து முதல் இரண்டு நாள் மரியாதையாகக் காத்திருந்தாள். சபரிமலையில் அத்தான் படிப்படியாக ஏறுகிற பதினெட்டை உன் தம்பி படுத்தபடியே நாளுக்கு நான்கு தடவை ஏறினான். ஒன்று மட்டும் அத்தானிடம் சொல்: அவருடைய 180 இங்கே வந்தால் வெறும் பத்து. விமானத்தை விட்டு இறங்கினாலே பாதி குணம்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற எச்.பி.ஏ.1.சி.க்கு மட்டும் இந்தப் பெருக்கல் வேண்டாம். அது இரண்டு ஊரிலும் சதவீதம்தான். உன் தம்பிக்கு 6.9. இரண்டு வருஷத்துக்கு முன் 8.9. இதை அத்தான் இரண்டு தடவை வாசிக்கவும்.

சரி, ஏன் ஆஸ்பத்திரி? புதுப் பனி பூட்ஸ் கடித்த கொப்புளம். காலில் உணர்ச்சி குறைந்துபோனதால் அது கடித்தது தெரியவில்லை. புண்ணாகி, கணுக்கால் வரை சிவந்து வீங்கியபோதுதான் தெரிந்தது. நரம்பு வழியாக ஆண்டிபயாட்டிக் ஏற்ற ஐந்து நாள். கிருமி உள்ளே புகுந்தால் சுகரும் கூடவே ஏறிவிடும். 'ராத்திரி காலைப் பாத்துட்டுப் படுலே' என்று நீ முப்பது வருஷமாகச் சொல்வதையே இந்த ஆஸ்பத்திரி டாக்டரும் சொன்னார். அவர் சொன்னபோது மட்டும் உன் தம்பி தலையாட்டினான்.

அடுத்து அவர் கேட்டது சாப்பாடு. இங்கேதான் உன் தம்பி கொஞ்சம் பெருமையடித்துவிட்டான். 'அரிசியை விட்டாயிற்று, ஒரு நாளைக்கு மாவுச்சத்து 40 கிராம்தான்.' டாக்டர் பாராட்டவில்லை. மருந்துப் பட்டியலில் விரலை வைத்து, 'இந்த எம்பாகிளிஃப்ளோசினோடு சேர்த்தா?' என்றார். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற மாத்திரை அது. அதை விழுங்கிக்கொண்டு மாவுச்சத்தையும் சுத்தமாகக் குறைத்து, காய்ச்சலும் வந்து படுத்தால், சுகர் சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடக்கூடுமாம். மீட்டர் காட்டிக்கொடுக்காது. உடனே கீட்டோன் பார்த்தார்கள், நல்லவேளை, இல்லை. அந்த மாத்திரையை நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றினார்கள். அத்தான் டப்பாவில் 'ஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரை இருந்தால், பட்டினி கிடக்கிற விரத நாளுக்கு முன்னால் அவருடைய டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல். இது சிரிப்புக்கு எழுதவில்லை.

மறுநாள் காலை தட்டு வந்தது. 'நீரிழிவு உணவு' என்று சீட்டு. மூடியைத் திறந்தால் ரொட்டி இரண்டு துண்டு, ஓட்ஸ் கஞ்சி, ஒரு முட்டை, சின்னக் கப்பில் ஆரஞ்சு ஜூஸ். பக்கத்தில் சர்க்கரை சேர்க்காத ஜாம். ரொட்டியில் இருக்கிற சர்க்கரையை ஜாமில் இல்லாத சர்க்கரை ஈடுகட்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கையும் கற்றுக்கொண்டான் உன் தம்பி. 15 கிராம் மாவுச்சத்து ஒரு பங்கு. ஒரு துண்டு ரொட்டி ஒரு பங்கு, வெந்த சோறு மூன்றில் ஒரு கப் ஒரு பங்கு. வேளைக்கு நான்கு பங்கு, 60 கிராம். எதிர்க் கட்டிலில் எண்பது வயசுப் பாட்டையாவுக்கும் அதே நான்கு, உன் தம்பிக்கும் அதே நான்கு. இன்சுலின் அளவு ஒழுங்காக இருக்க, சாப்பாட்டு அளவும் ஒழுங்காக இருக்க வேண்டுமாம். நியாயம்தான். ஆனால் வீட்டில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாததைக் காலை எட்டு மணிக்கே தின்னச் சொல்வது சர்க்கரை ஆஸ்பத்திரியா, சம்பந்தி வீடா?

இரண்டாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் உன் தம்பி தன் புத்தியைக் காட்டினான். ராத்திரிச் சாப்பாடு இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு. தட்டு வந்ததும் நர்ஸம்மா இன்சுலின் போட்டுவிட்டுப் போனாள். உன் தம்பி கோழியையும் பீன்ஸையும் தின்றுவிட்டு, மசித்த உருளைக்கிழங்கையும் பன்னையும் மூடிக்குள் ஒளித்து அனுப்பினான். சின்ன வயசில் பாகற்காயை நீ தின்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டு போய் மாட்டுக்குப் போடுவாயே, அதே வேலை. இங்கே மாடு இல்லை, அவ்வளவுதான்.

ஏழரை மணிக்குக் கை நடுங்கியது, சட்டை நனைந்தது. வராத சோற்றை எதிர்பார்த்து இன்சுலின் வேலையைத் தொடங்கியிருந்தது. மீட்டர் 3.4. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து. அந்த நேரம் பார்த்து உன் போன். உனக்கு அப்போது காலை ஆறு மணி, கோலம் போட்டு முடித்த கை. 'எவ்வளவுலே?' என்றாய். மூணு புள்ளி நாலு பதினெட்டு... உன் தம்பிக்கு வாய்ப்பாடு வரவில்லை, அக்கா. வாய் குழறியது. நீயே போட்டு '61' என்று சொல்லி, 'சீனி, சீனி, மூணு கரண்டி வாயில போடுலே' என்று கத்தினாய். நர்ஸம்மா ஜூஸை நீட்டினாள்: 15 கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிஷம் பொறு, மறுபடி குத்து. மூன்று டீஸ்பூன் சீனியும் அதே 15 கிராம்தான். அவர்களுடைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருப்பது அதுதான். நீ எங்கே படித்தாய்?

காலையில் வேண்டாம் என்று தள்ளிய அதே ஆரஞ்சு ஜூஸை ராத்திரி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான் உன் தம்பி.

மறுநாள் உணவு ஆலோசகர் வந்தாள். சின்னப் பெண். மூடி விவகாரம் அவளுக்குத் தெரிந்திருந்தது. திட்டவில்லை. குறைந்த மாவுச்சத்து உணவை இந்த ஊர் டயாபிடீஸ் கனடா அமைப்பே 2020-இல் ஏற்கத்தக்க வழிகளில் ஒன்றாகச் சொல்லிவிட்டதாம். நாளுக்கு 130 கிராமுக்குள் இருந்தாலே அது அந்தக் கணக்கில் சேரும். ஆனால் மருந்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், அதற்கு முதலில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதற்குப்பின் தட்டில் ரொட்டிக்குப் பதில் இன்னொரு முட்டை, உருளைக்கிழங்குக்குப் பதில் காய், கொஞ்சம் பாலாடைக்கட்டி. சாப்பிட்டது எவ்வளவு என்று பார்த்தபிறகே இன்சுலின். இவ்வளவு சுலபம் என்று தெரிந்திருந்தால் மூடியைத் தொந்தரவு செய்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள் என்றாள். இட்லி. ஒரு இட்லி எத்தனை கிராம்? அவளுடைய தாளில் இட்லி இல்லை. உன் தம்பி பெண்டாட்டிக்குப் போன் போட்டால், 'எந்தத் தட்டு இட்லி? மேல் தட்டா, கீழ் தட்டா?' என்கிறாள். நிறுத்துப் பார்த்தாள்: 48, 55, 61. மூன்று இட்லிக்கு மூன்று எடை. ஆலோசகர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பெரிய இட்லி ஒன்று ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம் என்றாள். சமாதான ஒப்பந்தம் மாதிரிக் கையெழுத்து மட்டும்தான் போடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். சாயங்காலமானால் அவர் வீட்டார் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்துவிடுவார்கள். 'தம்பி, ஒண்டே ஒண்டு சாப்பிடுங்கோவன்' என்பார். உன் தம்பி திரைச்சீலையை இழுத்து மூடிக்கொள்வான். வாசனைக்குத் திரைச்சீலை இல்லை.

தூக்கம் வராத ஒரு ராத்திரி போனில் படித்தது இது. இன்சுலின் பிறந்தது இந்த டொரன்டோவில்தான், 1921-இல். அதற்கு முன்னால் சர்க்கரைக்கு வைத்தியமே பட்டினிதான். எலிசபெத் ஹியூஸ் என்று ஒரு பெண், அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள், மூன்று வருஷம் அந்தப் பட்டினிச் சாப்பாட்டில் கிடந்து, 1922 ஆகஸ்டில் பான்டிங் டாக்டரிடம் இங்கே வந்தாள். பதினைந்து வயது ஆகப்போகிறது, எடை 45 பவுண்டு, அதாவது இருபது கிலோ. ஊசி போட்ட கொஞ்ச நாளில் ரொட்டி சாப்பிடலாம் என்றார்கள். அம்மாவுக்கு இங்கிருந்து கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறாள், என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று. அப்புறம் 73 வயது வரை இருந்தாள். அதே ஊர், அதே வியாதி, ரொட்டி கொடுத்துவிட்டார்கள் என்று அவளும் ஊருக்கு எழுதினாள். உன் தம்பி அதே செய்தியைக் குற்றச்சாட்டாக எழுதிக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு மட்டும் காலை ரொட்டியில் அரைத் துண்டு தின்றான். ஆலோசகரிடம் சொல்லிவிட்டுத்தான்.

நேற்று வீட்டுக்கு வந்தாயிற்று. கட்டிலுக்கும் டாக்டருக்கும் மருந்துக்கும் ஒரு டாலர் வாங்கவில்லை, கட்டிலோடு இருந்த டிவிக்குத்தான் வாடகை.

ஒரு சின்ன ஏமாற்றம். சுகர் இறங்கினால் சாப்பிட அவசரத்துக்கு எதையாவது பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். உன் தம்பி உடனே நம்மூர்க் கடலைமிட்டாயைச் சிபாரிசு செய்தான். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மருந்து என்றும் சொல்லிப் பார்த்தான். கடலையில் இருக்கிற கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏற விடும், அவசரத்துக்கு ஆகாது என்று அந்த உணவு ஆலோசகர் தள்ளிவிட்டாள். குளுக்கோஸ் மாத்திரைதானாம். சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது.

ஆனால் அவசரமில்லாத நேரங்களும் உண்டல்லவா. சித்திரையில் யாராவது வந்தால் ஒரு அரைக் கிலோ கொடுத்துவிடு. கொடுப்பதற்கு முன் ஒரு துண்டு எத்தனை கிராம் என்று கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து எழுதவும்.

இப்படிக்கு,
உன் தம்பி