லோதி ரோட்டு மாக் டெஸ்ட்

மாக் டெஸ்ட் என்பது நுழைவுத் தேர்வுக்கு முன்னால், அதே எண்ணிக்கைக் கேள்விகள், அதே நேரம், அதே மார்க் கணக்கோடு எழுதிப் பார்க்கும் ஒத்திகைத் தேர்வு. எழுதுவது பிளஸ் டூ படிக்கும் ஒரே ஒரு பிள்ளை. உதவுவது குறைந்தது நான்கைந்து பேர். பிள்ளைகளின் நிலைமை குறித்து அரசாங்கமும் நீதிமன்றங்களும் மனநல மருத்துவர்களும் நிறையப் பேசிவிட்டார்கள். உதவுகிறவர்களைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

இந்த உதவி செழித்து வளர்ந்த இடங்களில் ஒன்று தில்லி லோதி ரோடு. சப்தர்ஜங் கல்லறைப் பக்கம் தொடங்கிக் கிழக்கே நிஜாமுதீன் பக்கம் போகிற சாலை. வடக்கே லோதி தோட்டம், தெற்கே சி.ஜி.ஓ. காம்ப்ளெக்ஸ், வானிலைத் துறையின் மௌசம் பவன், 1940களில் அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய லோதி காலனி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923-இல் தொடங்கப்பட்டது. அதன் ஏழு பள்ளிகளில் ஒன்று லோதி எஸ்டேட்டில் இருக்கிறது. எனவே இந்த வட்டாரத்தில் குவார்ட்டர்ஸ், ஆபீஸ், தமிழ்ப் பள்ளிக்கூடம் மூன்றும் நடந்து போகிற தூரத்தில் அமைந்த குடும்பங்கள் உண்டு. போக்குவரத்தில் மிச்சமாகும் நேரம் முழுவதும் பிள்ளையின் படிப்புக்குத் திருப்பிவிடப்படுகிறது.

2021 வரை தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேரப் பெரும்பாலான படிப்புகளுக்கு பிளஸ் டூ மார்க் போதும். அந்த 'போதும்' எவ்வளவு என்பதுதான் தகராறு. 2011-இல் ஸ்ரீராம் காலேஜ் ஆஃப் காமர்ஸ், பிளஸ் டூவில் காமர்ஸ் படிக்காதவர்களிடம் பி.காமுக்கு 100 சதவீதம் கேட்டது. 2021-இல் முதல் கட் ஆஃப் பட்டியலிலேயே பல கல்லூரிகள் அதே 100-ஐக் கேட்டன. நூற்றுக்கு மேல் கேட்க முடியாது என்பதாலோ என்னவோ, 2022-இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கென்று சி.யு.இ.டி. வந்தது. என்.டி.ஏ. எனப்படும் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. 2025 முறைப்படி ஒரு பாடத்துக்கு 50 கேள்விகள், 60 நிமிடம், எல்லாக் கேள்விகளும் கட்டாயம். சரிக்கு ஐந்து மார்க், தப்புக்கு ஒன்று கழியும். ஒருவர் ஐந்து பாடம் வரை எடுக்கலாம். மொழித் தாள் 13 மொழிகளில் உண்டு, தமிழும் அதில் ஒன்று. இன்ஜினீயரிங் ஆசை இருந்தால் ஜே.இ.இ., டாக்டர் ஆசை இருந்தால் நீட். எந்த ஆசையும் இல்லாத பிள்ளையை வீட்டார் மூன்றையும் எழுதச் சொல்வார்கள்.

16 வயது நிரம்பாதவர்களைக் கோச்சிங் சென்டர்கள் சேர்க்கக்கூடாது என்று 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வழிகாட்டு நெறி வெளியிட்டது. வீட்டுக் கோச்சிங்குக்கு அப்படி வரம்பு எதுவும் கிடையாது.

உதவுகிறவர்களில் முதலிடம் அப்பாவுக்கு. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராகவோ அதற்கு ஒரு படி மேலேயோ இருப்பவர். ஒவ்வொரு மாக் டெஸ்டுக்கும் ஒரு ஃபைல் திறப்பார். இடப்பக்கம் நோட்டிங், வலப்பக்கம் மார்க் பட்டியலின் பிரிண்ட் அவுட். "கெமிஸ்ட்ரியில் முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை; விளக்கம் கோரலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் போடுவார். விளக்கம் கோரப்பட்ட நபர் அடுத்த அறையில் காதில் இயர்போன் மாட்டியிருப்பார்.

அப்பாவின் தலையாய அறிவுரை, "தெரியாத கேள்வியைத் தொடாதே." தான் சிவில் சர்வீஸ் பிரிலிம்ஸ் எழுதிய காலத்திலிருந்து அவர் கொண்டுவந்தது. அந்தத் தேர்வுக்கு அது பாதகமில்லை. அங்கே ஒரு தப்புக்கு அந்தக் கேள்வியின் மார்க்கில் மூன்றில் ஒரு பங்கு கழியும். நாலு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நாலு தடவைக்கு ஒரு தடவை கிடைப்பதும் மூன்று தடவை போவதும் சரிக்குச் சரி. லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சி.யு.இ.டி.யில் கணக்கு வேறு. குருட்டாம்போக்கில் நாலு கேள்வியைத் தொட்டால் ஒன்று சரியாகி ஐந்து வரும், மூன்று தப்பாகி மூன்று போகும், கையில் இரண்டு நிற்கும். ஒன்றுமே தெரியாமல் ஐம்பதையும் தொட்ட பிள்ளைக்குச் சராசரியாக 250-க்கு 25 வரும். அப்பா சொன்னபடி தொடாமல் வந்த பிள்ளைக்கு பூஜ்யம். நாலில் இரண்டு விடையைத் தள்ளிவிட முடிந்தால், மிச்சத்தில் ஒன்றைத் தொடுவது கேள்விக்குச் சராசரி இரண்டு மார்க் பெறும். ஜே.இ.இ. மெயினில் சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று. அங்கும் லாபம் உண்டு, கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இதைப் பேப்பரில் போட்டுக் காட்டினால் அப்பா கணக்கை ஒப்புக்கொள்வார். அறிவுரையை மாற்றமாட்டார். கணக்கு சரியாக இருப்பதால் மட்டும் ஒரு நடைமுறையை மாற்ற முடியாது என்பது அவர் அலுவலக அனுபவம்.

அடுத்த சிக்கல் நிறங்கள். கம்ப்யூட்டர் தேர்வில் திரையின் வலப்பக்கம் கேள்வி எண்கள் கட்டம் கட்டமாக நிற்கும். பார்க்காத கேள்வி வெள்ளை, பார்த்தும் விடை தராதது சிவப்பு, விடை தந்தது பச்சை, 'மார்க் ஃபார் ரெவ்யூ' கொடுத்தது ஊதா. ஊதாவின் மேல் சின்னதாகப் பச்சை டிக் இருந்தால் விடையும் தரப்பட்டிருக்கிறது, அது திருத்தப்படும். வெறும் ஊதாவுக்கு ஒன்றும் கிடையாது. இன்னொரு பொறி, விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அழுத்தாமல் நேரே வேறு எண்ணுக்குத் தாவினால், தேர்ந்தெடுத்த விடை பதிவாகாது. என்.டி.ஏ. தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கும் மாக் டெஸ்டின் பெரும் பயனே இந்தப் பழக்கத்தைக் கைக்குக் கொண்டுவருவதுதான். அப்பா இதை வேறு கோணத்தில் பார்ப்பார். பச்சை மை என்பது ஜாயின்ட் செக்ரட்டரிக்கும் அவருக்கு மேலுள்ளவர்களுக்கும் உரியது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது இவ்வளவு தாராளமாகக் கிடைப்பது அவருக்கு உறுத்தும். ஊதா அவருக்குப் பெண்டிங் ஃபைல். "பெண்டிங் ஒன்றுகூட வைக்காமல்தான் எழுந்திருக்கணும்" என்பார். அவர் மேஜையைப் பார்த்தவர்கள் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

அம்மாவின் பொறுப்பு அமைதி. மாக் டெஸ்ட் நடக்கும்போது குக்கர் விசில் அடிக்கக்கூடாது, காலிங் பெல் அடிக்கக்கூடாது, தெருவில் கூவும் சப்ஜிவாலாவைப் பால்கனியிலிருந்து சைகையால் நிறுத்த வேண்டும். உண்மையான தேர்வறையில் பக்கத்துப் பிள்ளை இருமும், யாராவது நாற்காலியை இழுப்பார்கள். வீட்டில் பழக்கப்படுத்தும் இந்தக் கல்லறை மௌனம் அங்கே கிடைக்காது. கொஞ்சம் சத்தத்தில் எழுதிப் பழகுவதே நல்ல பயிற்சி. ஆனால் அதை அம்மாவிடம் சொல்லும் தைரியசாலி பிள்ளைக்குக் குடும்பத்தில் கிடைப்பதில்லை. வியாழக்கிழமை மாக் டெஸ்ட் வைப்பதில்லை. லோதி ரோடு சாயிபாபா கோயிலுக்கு அன்றுதான் கூட்டம். அம்மாவும் அங்கேதான் இருப்பார்.

நீட் எழுதும் வீடாக இருந்தால் பாட்டியும் களமிறங்குவார். நீட் இன்னும் பேப்பரில், ஓ.எம்.ஆர். தாளில், கறுப்பு பால் பாயிண்ட் பேனாவால் வட்டங்களை நிரப்பும் தேர்வு. 180 கேள்வி, 180 நிமிடம், 720 மார்க். ஒரு வட்டத்தை நிரப்ப ஐந்து விநாடி ஆனாலும் மொத்தம் பதினைந்து நிமிடம் போய்விடும் என்பதால் ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் எடுத்து நிரப்பிப் பழகுவது வீண் வேலையல்ல. அரைக்கைச் சட்டை, ஷூ இல்லாமல் செருப்பு, உலோகம் எதுவும் கூடாது என்கிற உடை விதிக்கும் ஒத்திகை உண்டு. இங்கேதான் பாட்டி. திருப்பதியில் கட்டிய கயிற்றைக் கழற்றலாமா கூடாதா என்ற விவாதம் பயாலஜியின் 90 கேள்விகளுக்கு ஆகும் நேரத்தைவிட அதிகம் எடுக்கும்.

வெளியிலிருந்து வரும் உதவி இரண்டு வகை. ஒன்று, காலையில் லோதி தோட்டத்தில் நடக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகள். பேரப்பிள்ளை எங்கே படிக்கிறது என்பதைப் பொறுத்து அறிவுரை மாறும். இரண்டாவது சென்னையிலிருந்து பெரியப்பா. தமிழ்நாடு 1984-இல் கொண்டுவந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை 2006-இல் சட்டம் போட்டு எடுத்துவிட்டது. இன்றும் அங்கே இன்ஜினீயரிங்குக்கு பிளஸ் டூ மார்க்கிலிருந்து 200-க்குக் கட் ஆஃப் போட்டுவிடுவார்கள். பெரியப்பாவுக்கு அந்த ஒரு கணக்குத்தான் கணக்கு.

"மாக்ல எவ்வளவுடா?"

"தொண்ணூத்தெட்டு பர்சன்டைல், பெரியப்பா."

"நூத்துக்குத் தொண்ணூத்தெட்டா! அப்ப சீட்டு உறுதி."

பர்சன்டைல் என்பது நூற்றுக்கு இத்தனை பேரைப் பின்னால் தள்ளியிருக்கிறோம் என்ற கணக்கு. வாங்கிய மார்க் அல்ல. 12 லட்சம் பேர் எழுதிய தேர்வில் 98 பர்சன்டைல் என்றால் முன்னால் இன்னும் 24,000 பேர் நிற்கிறார்கள். பிள்ளை இதை விளக்க ஆரம்பிப்பதற்குள் பெரியப்பா சொந்தக்காரர்கள் நாலு பேருக்குச் செய்தி சொல்லிவிட்டிருப்பார். கோச்சிங் சென்டர்கள் 'ஆல் இந்தியா ரேங்க்' என்று அச்சடித்துத் தரும் மாக் டெஸ்ட் முடிவுகளால் இந்தச் செய்திப் போக்குவரத்து இன்னும் வேகமாகும். அந்த ஆல் இந்தியாவில் எத்தனை பேர் எழுதினார்கள் என்பது தாளின் கீழே பொடி எழுத்தில் இருக்கும், சிலசமயம் இருக்காது.

எல்லோரையும்விட உருப்படியாக உதவுகிறவர் எதிர் பிளாக்கில், போன வருஷம் தேர்வு எழுதிவிட்டு இப்போது காலேஜ் முதல் வருஷம் படிக்கும் அக்காவோ அண்ணாவோ. தையல் கடைகளுக்குப் பேர்போன மெஹர்சந்த் மார்க்கெட்டில் இப்போதிருக்கும் காபிக் கடைகளில் ஒன்றில் உட்கார்ந்து பிள்ளையின் டவுட்டைத் தீர்ப்பார். காபி விலை ஒரு பழைய கைடின் விலை. கைடைப் பொறுத்தவரை, 2019-இல் தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து மகிளா ஹாட்டுக்கு இடம் மாறிய ஞாயிற்றுக்கிழமைப் புத்தகச் சந்தையில் எடைக்குக்கூடக் கிடைக்கும். முந்தைய சொந்தக்காரர் பென்சிலால் டிக் அடித்த விடைகளைப் பிள்ளைகள் வேதவாக்காக எடுத்துக்கொள்வார்கள். அவர் பாஸ் ஆனாரா என்று யாரும் யோசிப்பதில்லை.

இவ்வளவு உதவியிலும் நிஜமாகப் பலன் தருவது எது? 2006-இல் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிகி இருவரும் மாணவர்களிடம் ஒரு பாடப் பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்பப் படித்தார்கள். சிலர் மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் ஜெயித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தன்னம்பிக்கை அதிகம் இருந்தது என்பது கொசுறு. ஆக மாக் டெஸ்ட் எழுதுவது நல்லதுதான். எழுதி முடித்த பிறகு தப்புகளை உட்கார்ந்து பார்ப்பது அதைவிட நல்லது. அதைத்தான் வீட்டில் எவரும் செய்வதில்லை, ஏனென்றால் அதில் தியாகம் தெரிவதில்லை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து காபி போட்டால் ஊருக்கே தெரியும். தப்பான பதினொரு விடைகளுக்குப் பக்கத்தில் காரணம் எழுதினால் யாருக்கும் தெரியாது.

காரணம் எழுதுவது எவ்வளவு பயன் என்பதற்கு ஓர் உதாரணம். பொது அறிவுப் பகுதியில் லோதி வம்சத்தை நிறுவியவர் யார் என்று கேள்வி. விடை பஹ்லூல் லோதி, 1451. லோதி ரோட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை சிக்கந்தர் லோதி என்று டிக் அடிக்கிறது. அப்பாவின் ஃபைலில் இது 'கவனக்குறைவு' என்று ஏறும். காரணம் அதுவல்ல. பிள்ளை தினமும் பார்ப்பது தோட்டத்திலிருக்கும் சிக்கந்தரின் கல்லறையை. பஹ்லூலின் கல்லறை என்று சொல்லப்படுவது சிராக் தில்லியில் இருக்கிறது, அந்தப் பக்கம் பிள்ளைக்கு வேலையே இல்லை. கண்ணில் பட்ட பெயர் கைக்கு முதலில் வந்துவிட்டது. இப்படி எழுதி வைத்தால் அடுத்த மாக்கில் வேறு கேள்வியிலும் அதே பழக்கம் தலைகாட்டுவது பிடிபடும். 'சில்லி மிஸ்டேக்' என்று ஒரே பெயர் வைத்தால் எதுவும் பிடிபடாது.

நிஜத் தேர்வு நாளில் உதவுவோருக்கு வேலை குறைவு. ஹால் டிக்கெட்டை மூன்று பேர் மூன்று காப்பி எடுத்து வைத்திருப்பார்கள். 2024 மே 15-ஆம் தேதி நடக்க வேண்டிய சி.யு.இ.டி., தில்லி மையங்களில் மட்டும் கடைசி நேரத்தில் மே 29-க்குத் தள்ளிப்போனது. இடைப்பட்ட இரண்டு வாரத்தையும் மாக் டெஸ்டால் நிரப்பிய வீடுகளில் பிள்ளைகள் என்.டி.ஏ.மீது கொண்ட கோபம் வேறு, அப்பாமீது கொண்ட கோபம் வேறு.

தேர்வு முடிந்தபின் தற்காலிக விடைக் குறிப்பு வெளியாகும். கேள்வி ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். பணம் திரும்ப வராது. அப்பாவின் திறமை முழுதாகப் பயன்படும் கட்டம் இது. என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் பக்கத்தை ஸ்கேன் செய்து, பத்தி எண் போட்டு, முன்னுதாரணங்கள் காட்டி மூன்று பக்க ஆட்சேபம் தயாராகும். அதிகாரபூர்வ விடையைத்தான் பிள்ளையும் எழுதியிருக்கிறது, ஆட்சேபம் ஜெயித்தால் ஆறு மார்க் கைநழுவிப் போகும் என்பது பணம் கட்டிய பிறகு தெரியவரும். கொள்கை என்று வந்தபின் அப்பா பின்வாங்கமாட்டார். ஆட்சேபம் ஏற்கப்பட்டதா என்று தனிப்பட்ட முறையில் யாருக்கும் தெரிவிக்கப்படாது என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கும். அதற்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதில் வருவதற்குள் காலேஜ் திறந்துவிடும்.