தங்கக் காதுக்காரர்

அமெரிக்க ஆடியோ பத்திரிகைக்கு எழுதும் ஸ்பீக்கர் விமர்சகரின் கூடத்தில் பத்துப் பேர் உட்கார இடமிருக்கும். ஆனால் பாட்டு சரியாகக் கேட்பது ஒரே ஒரு நாற்காலியில்தான். அதில் அவர்தான் உட்காருவார்.

கார் விலையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் இரவலாக வந்து இறங்கும். கூடவே வரும் கம்பெனி ஆள் டேப்பைப் பிடித்து அரை அங்குலம் இப்படி, கால் அங்குலம் அப்படி என்று நகர்த்திவிட்டுப் போவார். உடனே கேட்டுவிட முடியாது. நூறு மணி நேரமாவது ஓடி ஸ்பீக்கர் பழக வேண்டுமாம். பழகுவது ஸ்பீக்கரா, உங்கள் காதா என்று கேட்டால் விமர்சகருக்குக் கோபம் வரும்.

பிறகு அந்த ஸ்பீக்கரில் பாடகி டயானா க்ரால் பாடுவார். ‘திரை விலகியது’ என்று நம்மவர் எழுதுவார். போன மாதமும் விலகியது. அதற்குப் பின்னால் இன்னொரு திரை இருந்தது இப்போதுதான் தெரிகிறது. ‘பாடகி இரண்டடி முன்னால் வந்து நின்றார்’ என்று அடுத்த வரி.

1962-இல் தொடங்கிய ‘ஸ்டீரியோஃபைல்’ இதழில் விமர்சனத்துக்குப் பின்னால் அளவீட்டுப் பக்கம் வரும். அதை எழுதும் ஜான் அட்கின்சன் ஸ்பீக்கரைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்து, 50 அங்குலம் தள்ளி மைக்கை நிறுத்தி அளப்பார். இப்படி அளந்து வரைந்த கோடு 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் புடைத்திருந்தால் பாடகி ஏன் முன்னால் வந்தார் என்பது விளங்கிவிடும். மின்மறுப்பு 8 ஓம் என்று கம்பெனி சொன்னது சில இடங்களில் 3 ஓமுக்கு இறங்குவதும் தெரியும். அங்கே சின்ன ஆம்ப்ளிஃபயர் திணறும். ஆனால் விமர்சகர் அதற்குள் புகழ்ந்து முடித்திருப்பார். தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்க்கிற கதைதான்.

1994-இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் 40 பேரை உட்காரவைத்து நான்கு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்துக் கேட்டபோது ஆடம்பரமான பெரிய பெட்டிகள் மேலே போயின. சின்ன மலிவுப் பெட்டி கீழே விழுந்தது. திரைக்குப் பின்னால் வைத்ததும் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. நம்மவரிடம் இதைச் சொன்னால், “கண்ணை மூடினால் எனக்குப் பதற்றமாகிவிடும், சரியாகக் கேட்காது” என்பார்.

வாங்கப் போகிறவர்கள் விமர்சனத்தைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள். முதலில் கோடு, அப்புறம் கவிதை. கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.