அக்கா வெட்டிய கிணறு

எங்கள் காலடிப்பேட்டையில் ஒரு பெண் வயதுக்கு வந்தால் முதல் தகவல் தாய்மாமனுக்குப் போகும். அடுத்தது டெக்கரேஷன் அக்காவுக்கு. இந்த வரிசை மாறி, அக்கா ஓலை வாங்கிக் குடிசையே கட்டி முடித்த பிறகு தாய்மாமனான எனக்குப் போன் வந்ததும் உண்டு.

ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் வரைக்கும் தெருவுக்கு ஓர் அக்கா இப்படி இருப்பார். வீட்டுக்காரர் துறைமுகத்திலோ மணலிப் பக்கமோ ஷிப்டு பார்ப்பார். நைட் ஷிப்டு முடிந்து வந்து உட்கார்ந்தால் சாப்பாட்டுத் தட்டில் ஜிகினா மினுக்கும். அந்தத் தட்டு முந்தின நாள்தான் யார் வீட்டுக்கோ சீர்வரிசை சுமந்து போய் வந்திருக்கும். அக்கா பேசும்போது கவனியுங்கள்: விரல் நுனியில் காய்ந்த ஃபெவிகாலை வெங்காயத் தோல்போல உரித்துக்கொண்டே பேசுவார்.

ஒரு பொருளை அது இருக்கிறபடி பார்க்க அவருக்கு வராது. பழைய சிடி என்றால் மயில் தோகை. துண்டு என்றால் அன்னப்பறவை. பத்து ரூபாய் நோட்டு என்றால் தாமரை. ஒருமுறை என் மருத்துவ ரிப்போர்ட் உறையிலிருந்த எக்ஸ்ரே பிலிமை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். என் நெஞ்சைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று நெகிழ்ந்தேன். "அண்ணே, இது உங்களுக்கு வேணுமா? கிருஷ்ணர் கிரீடத்துக்குக் கரெக்டா இருக்கும்" என்றார்.

காசு வாங்க மாட்டார். வாங்கினால் குறை சொல்லும் உரிமை நமக்கு வந்துவிடும். எது கோணலானாலும் அவரிடம் ஒரு வார்த்தை தயாராக இருக்கும்: எஃபெக்ட். சாய்ந்த தோரணம் காற்றடிக்கிற எஃபெக்ட். வளைகாப்புக்கு வைத்த தொட்டில் ஒரு பக்கம் இறங்கினால் குழந்தை ஆடுகிற எஃபெக்ட். கேட்டவர் வாயடைத்துப் போவது தனி எஃபெக்ட்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் என் தங்கை மகள் போய், கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிரைடல் ஷவர், அதற்கு ஒரு விஷிங் வெல் வேண்டும் என்று செல்போனை நீட்டினாள்.

"ஷவரா? இங்க பக்கெட்டுக்கே தண்ணி இல்ல" என்றாள் என் அம்மா.

மருமகள் பொறுமையாக விளக்கினாள். தோழிகளும் சொந்தக்காரப் பெண்களும் கூடி மணப்பெண்ணுக்குப் பரிசு கொடுக்கிற விருந்து அது. அமெரிக்காவில் சகஜம். நடுவில் அலங்காரக் கிணறு ஒன்று வைப்பார்கள். வருகிறவர்கள் வாழ்த்துச் சீட்டோ, கரண்டி, வடிகட்டி மாதிரி சின்னச் சாமானோ, காசோ அதில் போடுவார்கள். கிணற்றில் காசு போட்டு வேண்டிக்கொள்வது வெள்ளைக்காரர்களின் பழைய வழக்கம். ரோமாபுரியில் திரெவி நீரூற்றில் விழுகிற சில்லறையை அள்ளி காரித்தாஸ் தொண்டு நிறுவனத்துக்கே கொடுக்கிறார்கள்.

அம்மாவுக்குக் கிணறு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. "கட்டிக்குடுக்கப் போற பொண்ணுக்கு முன்னாடி கெணத்தக் கொண்டாந்து வைப்பாங்களா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, பாழுங்கெணத்துல தள்ளிட்டாங்கன்னு ஊரு சொல்லும். போட்டோ வேற இருக்கும்."

இதற்கு மருமகளிடம் பதில் இல்லை. அக்காவிடம் இருந்தது. "ஆயா, இது சொந்தம் பந்தம் எல்லாம் சேந்து ரொப்பற கெணறு. பாழுங்கெணறு எப்படி ஆவும்?"

அம்மா அடுத்த இடத்தில் பிடித்தாள். காசும் போடுவார்கள் என்றால் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதுவது யார்? யாரும் எழுத மாட்டார்கள் என்றாள் மருமகள். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. என் தங்கை கல்யாணத்து மொய் நோட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில், நாப்தலின் உருண்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐம்பத்தொன்று, நூற்றொன்று, எவர்சில்வர் குடம் ஒன்று என்று வரிசையாக எழுதியதில் பாதிக்கு மேல் திருப்பிச் செய்து, பக்கத்தில் டிக் போட்டிருக்கிறாள். "பேரில்லாத மொய்ய எந்தக் கதவத் தட்டித் திருப்பிக் குடுக்கறது? கடங்காரியாவே சாகச் சொல்றியா?"

அந்தக் கேள்வி அப்படியே நிற்க, அக்கா வேலையில் இறங்கிவிட்டார்.

இந்த வட்டாரத்தில் கிணறு என்றால் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க 1772இல் கம்பெனிக்காரர்கள் ஏற்பாடு செய்த கிணறுகளால்தான் ஏழு கிணறுக்கு அந்தப் பெயர். எங்கள் காலடிப்பேட்டையே காலெட் என்கிற கவர்னர் நெசவாளர்களைக் குடிவைத்த ஊர். காலெட் வாய்க்கு வாய் மாறிக் காலடி ஆனார். பிற்பாடு 2013 வாக்கில் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து போர்வெல் தண்ணீரில் எண்ணெய் வந்தது. காசு போட்டு வேண்டிக்கொள்ளாமலேயே டீசல் கொடுத்த நிலத்தடி நீர் வேறெங்கே உண்டு? மெட்ரோ ரயில் 2021இல் விம்கோ நகர் வரை வந்தே விட்டது. மெட்ரோ வாட்டர் லாரிக்குத்தான் இன்னும் காத்திருக்கிறோம்.

அந்த லாரித் தண்ணீர் பிடிக்கிற நீல டிரம்தான் கிணற்றுக்கு உடம்பு. தங்கை வீட்டு டிரம்மைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்து, "இதான் கெணறு" என்றார் அக்கா. காசிமேட்டில் ஐஸ் போட்டு மீன் அடைக்கிற தெர்மாகோல் பெட்டிகளைப் பிரித்துக் கழுவி வெயிலில் காயவைத்தார். பட்டை பட்டையாக அறுத்து டிரம்மைச் சுற்றி ஒட்டினார். அப்புறம் செய்ததுதான் வித்தை. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கோலம் போடுகிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு தெர்மாகோல்மேல் இழுத்தார். நெருப்புப் பட்ட இடம் உருகி உள்வாங்கிக் கோடாக விழுந்தது. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே பாதிப் பாதி. அரை மணியில் அச்சு அசல் செங்கல் சுவர். மேலே காவி டிஸ்டெம்பர் பூசினால் முடிந்தது.

தூரிகை பிடிக்கச் சோம்பல்பட்ட என் மகன் ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவை எடுத்து அடித்தான். தெர்மாகோலுக்கு அந்தத் திரவம் ஆகாது. சர்க்கரைமேல் வெந்நீர் ஊற்றியதுபோல் ஒரு பக்கம் பொசுபொசுவென்று குழிந்து இளகியது. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம். அவர் இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நூறு வருசத்துக் கெணறு எஃபெக்ட். நானே எப்படிக் கொண்டாறதுன்னு யோசிச்சிக்கினு இருந்தேன்."

இரண்டு சவுக்குக் கம்பு, மேலே கீற்றுக் கூரை, நடுவில் ராட்டினம், வலை இழுக்கிற நைலான் கயிறு, கயிற்று முனையில் குட்டிப் பித்தளைத் தூக்கு. ஞாயிறு மதியம் வாசலில் ஷாமியானாவுக்கு அடியில் கிணறு நின்றது. ஊதுபத்தி மணமும் கொஞ்சம் வஞ்சிர வாசமும் அதிலிருந்து வந்தன. அம்மாகூடச் சுற்றிவந்து பார்த்தாள்.

நாலரை மணிக்குத் தெருமுனையில் ஹாரன். மூன்று நாளாக எட்டிப் பார்க்காத லாரி. ஷாமியானா நொடியில் காலி. பட்டுப்புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு பெண்கள் குடத்தோடு ஓடினார்கள். மருமகள் மெஹந்திக் கையை உயரத் தூக்கிக்கொண்டு, முழங்கையில் ஒரு பக்கெட்டை மாட்டியபடி ஓடினாள். ஓஸ் பைப்போடு இறங்கிய லாரிப் பையன் வரிசையாக டிரம்களை ரொப்பிக்கொண்டே வந்தான். எங்கள் வாசலில் கூரை, பூ, ராட்டினம் எதையும் அவன் பார்க்கவில்லை. டிரம்மின் வாய் தெரிந்தது, பைப்பை உள்ளே விட்டான். நாங்கள் திரும்பி வந்தபோது கிணறு தளும்பிக்கொண்டிருந்தது.

மருமகள் அழத் தயாரானாள். அக்கா ரோஜா இதழை அள்ளித் தண்ணீர்மேல் தூவி, நாலு மிதக்கும் விளக்கை விட்டார். வாயைத் திறக்கும் முன்பே தெருப் பிள்ளைகள் கோரஸாகச் சொல்லிவிட்டார்கள்: "ரியல் கெணறு எஃபெக்ட்!"

வந்த தோழிகள் கவரைத் தண்ணீரில் போட முடியாமல் திகைத்து நின்றார்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதில் அம்மா. மடியில் மஞ்சள் தடவிய புது நாற்பது பக்க நோட்டு. "இப்படிக் குடும்மா. பேரு? அப்பா பேரு? எந்த ஊரு?" வேளச்சேரியிலிருந்து வந்த பெண் இனிஷியலோடு பெயர் சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒரு ரூபாயைத் தண்ணீரில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "அதயும் எழுதணுமா ஆயா?" என்று அக்கா கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினாள்.

ராத்திரி பந்திப் பாத்திரம் மலையாகக் கிடந்தது. தங்கை குடத்தை எடுத்துவந்து ரோஜா இதழை ஓரம் தள்ளினாள். ஷாமியானா கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த அக்கா அங்கிருந்தே கத்தினார்:

"பாத்து மொள்ளு தங்கச்சி, செங்கல்லு கரையப்போவுது. புதன்கெழம பக்கத்துத் தெருல வளகாப்பு இருக்குது!"