பையின் கடைத்தேற்றம்

ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தடை வந்ததையும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் பிறந்ததையும் சிரமேற்கொண்டு, பூமாதேவியை ரட்சிக்கும் கைங்கரியத்தில் அடியேனும் இறங்கினேன் என்பதற்கு, எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் தொங்கும் இருபத்து மூன்று துணிப்பைகளே சாட்சி. மணமக்கள் பெயரில் மணமகன் மட்டும் சாயம்போய் மறைந்துவிட்ட தாம்பூலப் பையும் அவற்றுள் ஒன்று. ஆயினும், கடைக்காரர் கத்தரிக்காயை நிறுத்துத் தராசுத் தட்டை என் பக்கம் நீட்டுகிற அந்தச் சுபமுகூர்த்தத்தில், அவை யாவும் வீட்டில் நிச்சிந்தையாகத் தொங்கிக்கொண்டிருக்க, இருபத்து நான்காவதை விலை கொடுத்து வாங்குவதே என் வழக்கமாகிவிட்டது.

சாதாரணப் பருத்திப் பை ஒன்று, பருவநிலைக் கணக்கில் மட்டுமேனும் கடைப் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமானால், அதை 52 தடவை உபயோகிக்க வேண்டும் என்பது டென்மார்க் அரசின் 2018ஆம் ஆண்டு ஆய்வு. வாரம் ஒரு சந்தை; ஆகவே பைக்கு ஒரு வருஷம். எனக்கு இப்போது வயது எழுபத்தொன்று. இன்னும் இருபத்து நான்கு வருஷம் ஆயுள் வேண்டிப் பிரார்த்திக்கிறேன். சுயநலமன்று, முற்றிலும் சுற்றுச்சூழலின் பொருட்டே.